சாய்ந்த சுவருக்கு யார் பொறுப்பாளி?

ஃபிக்ஹு நூல்களில் "சாய்ந்த சுவர்" என்றொரு பகுதி உண்டு. அரபுக் கல்லூரியில் அதை ஓதுகின்ற மாணவர்கள், இந்தக் காலத்தில் இது எதற்கு என்ற முகத்துடன் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். விடயம் இதுதான். ஒருவருடைய சுவர் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அவ்வழியே போகிறவர்கள் சாட்சிகளை வைத்து, இதை இடித்துவிடும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். இடிப்பதற்கு அவகாசமும் இருந்தது. அவர் இடிக்கவில்லை. சுவர் விழுந்து ஓர் உயிர் போய்விட்டது. ஹனஃபி மத்ஹபின்படி அந்த உயிருக்கு தியத் எனும் நட்டஈடு கடமையாகிறது. நமது ஷாஃபிஈ மத்ஹபிலோ, தெருப்பக்கம் சாயும்படியாகவே ஒருவர் கட்டியிருந்தால் அவர் பொறுப்பாளி. நேராகக் கட்டிப் பிற்பாடு சாய்ந்ததைப் பற்றித்தான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு.

சுவர் என்ற இடத்தில் பாடசாலை என்று வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட முடியாது.

2005 ஒக்டோபர் 8, ரமழானின் முதல் வாரம், காலை 8.50 மணி. பாகிஸ்தானின் வடபகுதியிலும் காஷ்மீரிலும் 7.6 அளவில் பூமி அதிர்ந்தது. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம். இறந்த எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரில், பாடசாலைகளுக்குள் நசுங்கிய பிள்ளைகள் மட்டும் பதினேழாயிரத்துக்குக் குறையாது. அதற்கு நாலரை வருடம் முன்னர், 2001 ஜனவரி 26 இல், குஜராத்தின் புஜ் நகரில் அரசாங்க வைத்தியசாலையே இடிந்து நோயாளிகளும் ஊழியர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். காயப்பட்டவர்களைக் கொண்டு போக வேண்டிய இடம் முதலில் விழுந்தது!

"மௌலவி, அதெல்லாம் மலைநாடுகள். யாழ்ப்பாணத்தில் ஏது பூகம்பம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூமியின் மேலோட்டுத் தட்டுகள் உரசுகின்ற எல்லை சுமாத்திராவுக்கு மேற்கே இருக்கிறது. நமது தீவு அதற்கு வெகு தூரத்தில், ஒரே தட்டின் உட்புறத்தில் இருக்கிறது. ஆனால் தட்டின் உட்புறமும் முற்றாக உறங்குவதில்லை. 1615 ஏப்ரலில் கொழும்பில் பெரும் அதிர்ச்சி ஏற்பட்டு வீடுகள் இடிந்ததாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்புகள் சொல்கின்றன. 2001 செப்டம்பர் 25 இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் அதிர்ந்தது. பருத்தித்துறையிலிருந்து அந்த இடம் சுமார் 250 கிலோமீற்றர்தான். 2020 ஓகஸ்டில் கண்டிக்கருகே திகனப் பகுதியில் சிறு அதிர்வுகள் ஏற்பட்டு ஊரார் பயந்தார்கள். 2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவில் அதிர்ந்த பூமி, கடலை எழுப்பி வடமராட்சி கிழக்கை வாரிச் சென்றதை யார் மறப்பார்? அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை வேறு. நாட்டில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகள் சேதமடைந்தும் வகுப்புகளில் பிள்ளைகள் இல்லாதிருந்தது அல்லாஹ்வின் ரஹ்மத்.

ஆகவே நமக்கு ஆபத்து சிறிது. கட்டிடத்தின் பலவீனம் பெரிதென்றால் அந்தச் சிறிதே போதும். 2022 நவம்பர் 21 இல் இந்தோனேசியாவின் சியான்ஜூரில் ஏற்பட்ட அதிர்ச்சி வெறும் 5.6. புதுச்சேரிக் கடலில் ஏற்பட்டதைவிட மிகச் சற்றே கூடியது. ஆனால் அது நிலத்தில், ஆழமில்லாமல், வலுவற்ற வீடுகளுக்குக் கீழே நடந்தது. முன்னூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் பிள்ளைகள். பாடசாலை விட்டபின் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் அநேகர் என்று அம்மாகாண ஆளுநர் சொன்னார். அதே நாட்டின் கிழக்கு ஜாவாவில், சிதோஆர்ஜோ என்ற ஊரில், 2025 செப்டம்பர் 29 இல் பூமி அசையவேயில்லை. மேல்மாடிக்குக் கொங்கிறீற் போட்டுக்கொண்டிருந்த மத்ரஸாக் கட்டிடம், கீழே மாணவர்கள் அஸர் தொழுதுகொண்டிருக்கையில் இறங்கிவிட்டது. அறுபதுக்கு மேற்பட்ட ஜனாஸாக்கள். ஒரு தட்டுக்காகப் போட்ட அத்திவாரத்தின்மேல் மாடி மாடியாக ஏற்றுவது நமது ஊர்களுக்கும் புதிதல்ல. வசூல் சேர்ந்தால் ஒரு மாடி. அத்திவாரத்தை யாரும் கேட்பதில்லை.

நமது யாழ்ப்பாணத்துக்கென்று தனிக்கதையும் இருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் புலிகளால் வெளியேற்றப்பட்டு நாம் போனபின் சோனகதெருவின் கட்டிடங்கள் வருடக்கணக்காக ஆளின்றிக் கிடந்தன. ஷெல் பட்டது ஒருபுறம். மழைநீர் இறங்கியது, சுவர்களில் மரங்கள் வேர்விட்டது மறுபுறம். யுத்தம் 2009 இல் முடிந்து திரும்பியவர்கள், பூசி வெள்ளையடித்துக் குடியேறினார்கள். வெள்ளையடிப்பு வெடிப்பை மறைக்கும், மூடாது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர்களுக்குள் கம்பி கிடையாது, நெடுக்கப் பாரம் தாங்கும், பக்கவாட்டில் உலுக்கினால் பிரிந்துவிடும். புதிய கட்டிடத்துக்கு வேறு நோய். உப்புப் போகக் கழுவாத கடற்கரை மணல் சேர்ந்தால் கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்து ஊதிக் கொங்கிறீற்றைப் பெயர்த்தெறியும். நிலமோ சுண்ணாம்புக்கல், உள்ளே குகைகளும் வெடிப்புகளும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கட்டிடத்தின் பலவீனத்தைக் கண்டறிய ஒரு முறை இருக்கிறது. பொறியியலாளர் ஒருவர் கட்டிடத்தைச் சுற்றி நடந்து, பார்வையாலேயே புள்ளியிடுவார். அமெரிக்காவில் 1988 இல் இதற்கென ஒரு கைந்நூல் வெளியிட்டார்கள். ஒரு கட்டிடத்துக்கு அரைமணி நேரம் போதும். குறைந்த புள்ளி பெற்றதை மட்டும் பிறகு கணக்குப் போட்டு ஆராய்வார்கள். வைத்தியசாலைகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2008 இல் வெளியிட்ட பாதுகாப்புச் சுட்டெண்ணில் 145 விடயங்கள். சுவரும் தூணும் மட்டுமல்ல. தண்ணீர்த் தாங்கி விழுமா, மின்பிறப்பாக்கி ஓடுமா, ஒட்சிசன் சிலிண்டர் சங்கிலியால் கட்டப்பட்டுள்ளதா என்றும் கேட்கும். கட்டிடம் நின்றும் உள்ளே சத்திரசிகிச்சை செய்ய முடியாவிட்டால் அது வைத்தியசாலை அல்ல. புஜ்ஜில் புதிதாகக் கட்டிய வைத்தியசாலையை ஈயம் பதித்த இரப்பர் தாங்கிகளின்மேல் நிறுத்தினார்கள். கீழே பூமி ஆடினாலும் மேலே ஆட்டம் குறையும். அவ்வளவு செலவு நமக்கு வேண்டியதில்லை.

பிள்ளையை வகுப்பில் விடப் போகும் தாய்மார் தாங்களாகவே சிலதைப் பார்க்கலாம். நமது வகுப்பறைகளில் தூண்களுக்கிடையே இடுப்பளவு அரைச்சுவர் கட்டி மேலே வெளி விடுவது வழக்கம். காற்று வர நல்லது. ஆனால் தூணின் கீழ்ப்பாதியை அரைச்சுவர் இறுகப் பிடித்துக்கொள்வதால், ஆட்டம் முழுவதும் மேலே எஞ்சிய குட்டைத் துண்டில் விழுந்து அது முறியும். சுவருக்கும் தூணுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, சுவரைத் தனியே தாங்க வைத்தால் பாதி ஆபத்துப் போய்விடும். ஓட்டுக்கூரை மண்டபங்களின் இரு தலைப்பிலும் நிற்கும் முக்கோணச் சுவர் கூரையோடு கட்டப்பட்டிருக்கிறதா? நூலக அலுமாரிகள் சுவரில் ஆணியிட்டு மாட்டப்பட்டுள்ளனவா? வெளிக் கதவு வெளிப்புறமாகத் திறக்குமா, அல்லது அதற்குமேல் பூட்டுத் தொங்குகிறதா? இரண்டு ஆணியும் ஒரு கம்பியும் வாங்கப் பெரிய வசூல் தேவையில்லை.

இதெல்லாம் கத்ரை நம்பாத பேச்சு என்று சிலர் சொல்வதுண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசியவருக்கு நபி (ஸல்) அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை அவர்கள் மறுபடி ஓதிப் பார்க்கட்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது உம்மாமார் வாய் திறக்க வேண்டும். மத்ரஸா நிர்வாகத்திடமும் அப்படியே. "இந்தக் கட்டிடத்தைப் பொறியியலாளர் யாராவது எப்போதாவது பார்த்தார்களா? மாடி கட்டும்போது அத்திவாரம் கணக்கிடப்பட்டதா?" என்று கேளுங்கள். கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். திகதியும் வந்திருந்தவர்களின் கையொப்பமும் அதில் இருக்கும். சாட்சி வைத்துச் சொல்வது என்று ஃபிக்ஹு நூல் கேட்பதும் அதைத்தான். ஒரு பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பி வையுங்கள்.