மின்வெட்டும் விளக்கு விளம்பரமும்

மின்சாரம் நின்றாலும் இல்லத்தில் ஒளி நிற்காது என்று உறுதி கூறும் விளம்பரங்களை 2012ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் காணாதவர் இருக்க முடியாது. அவ்வருஷம் நமது ராஜ்யத்தின் மின்சாரக் குறைவு ஏறத்தாழ 4,000 மெகாவாட் என்று பேசப்பட்டது. சென்னைவாசிகள் தினம் 2 மணி நேரம் இருளைச் சகித்தார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் முதலிய தென்பாகத்து ஊர்களிலோ, நாளில் பாதிக்கு மேல் மின்சாரமில்லாத நாட்களும் உண்டு. இன்வெர்ட்டர் வியாபாரம் அமோகமாக நடந்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருட்டில் உட்கார்ந்திருப்பதைப் பெற்றோர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பர்?

வியாபாரத்தை நாம் குறைகூறவில்லை. விளம்பரம் சொல்லாமல் விட்ட விஷயமே நமது புகார். இன்வெர்ட்டர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. சர்க்கார் கம்பியில் வருவதையே சேமித்து, வழியில் ஒரு பகுதியை இழந்து, மீதியைத் திருப்பித் தருகிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் கணக்குப்படி 1,800 வாட்-மணி அடங்கும். நஷ்டம் போகக் கைக்கு வருவது சுமார் 1,150. இரண்டு மின்விசிறிகளும் நான்கு எல்.இ.டி. விளக்குகளும் மணிக்கு 186 வாட்-மணி குடித்தால், புதுப் பாட்டரியும் 6 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அது மறுபடி நிரம்புவதற்கோ ஏறக்குறைய 10 மணி நேர மின்சாரம் வேண்டும். ஒரு மணி வந்து ஒரு மணி போகும் ஊரில் அது எவ்வாறு நிரம்பும்? இருள் மிகுந்த காலத்தில்தான் அச்சாதனம் கைவிட்டது. மின்சாரம் மீண்ட கணத்தில் வீடுதோறும் பாட்டரிகள் ஏக காலத்தில் உறிஞ்சத் தொடங்கியதால், பற்றாக்குறையும் வளர்ந்தது.

ஆயினும் அவசர விளக்கு வேண்டாத பொருள் என்று நாம் சொல்ல மாட்டோம். சிவகாசி வட்டாரத்தில் சொல்லவே கூடாது. பட்டாசுக் கொட்டகைகளில் பகல் வெளிச்சத்தில்தான் வேலை நடக்கிறது. அங்கே விளக்கே கிடையாது. நெருப்பைப் பற்றி இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் தொழிலாளி, இரவில் தன் வீட்டில் மெழுகுவத்தியை ஏற்றுகிறான். 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அது பட்டப்பகலில் நேர்ந்தது. விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சட்டவிரோதமாக மருந்தும் திரியும் குடியிருப்புகளுக்குள் புகும் இப்பிரதேசத்தில், சுடர் இல்லாத விளக்கு உயிரைக் காக்கும் பொருளாகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு எல்.இ.டி. விளக்கே அதற்குப் போதும். அதற்கு விளம்பரமோ குறைவு. லாபம் குறைவு என்பதே காரணம் போலும்!

2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதும் அச்சட்டத்தின் கண்ணில் பொய்யே. சட்டம் வரும்வரை பத்திரிகைகள் காத்திருக்க வேண்டுமா? விளம்பர வருமானம் நமக்கும் அவசியம் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், எத்தனை விளக்குக்கு எத்தனை மணி நேரம், நிரம்ப எத்தனை மணி நேரம், பாட்டரியின் ஆயுள் எத்தனை வருஷம், மாற்ற என்ன விலை என்ற நான்கையும் தராத விளம்பரத்தை இனி நாம் பிரசுரிக்கப் போவதில்லை. நாட்காட்டியும் துண்டுப் பிரசுரமும் அச்சிட்டுத் தேசமெங்கும் அனுப்பும் சிவகாசி அச்சகத்தாரையும் இந்நான்கைக் கேட்டு வாங்குமாறு வேண்டிக்கொள்ளுகிறோம்.