தேடிப் பிடித்த புற்றுநோய்

தென் கொரிய அரசாங்கம் 1999-ஆம் ஆண்டில் தன் பிரஜைகளுக்கென ஏற்படுத்திய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் தைராய்டு சுரப்பிக்கு இடமிருக்கவில்லை. ஆயினும், அத்திட்டத்தின் நிமித்தமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம், சொற்பத் தொகை கூடுதலாகக் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம் என்று சொல்லப்பட்டபோது, அநேகர் சம்மதித்தார்கள். விளைவு, 2011-இல் அந்நாட்டில் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காகி, அந்த ஓராண்டில் மாத்திரம் 40,000-க்கும் மேற்பட்டோர் புற்றுநோயாளிகள் ஆனார்கள். அந்த வியாதியால் ஆண்டுதோறும் மாண்டவர்களின் தொகையோ, முன்போலவே 300, 400 என்ற அளவில் நின்றது.

வியாதி மெய்யாகவே பரவியிருந்தால் மரணம் பெருகியிருக்க வேண்டும். முன்கூட்டிக் கண்டதால் உயிர்கள் பிழைத்தன என்றால் மரணம் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நிகழாதபோது, கண்டவற்றுள் பெரும்பாலானவை ஆயுள் முழுவதும் உடலில் இருந்தும் ஒருவரையும் வருத்தாமல் போயிருக்கக் கூடியவை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. பிற காரணங்களால் இறந்தவர்களின் சுரப்பியை நுணுகி ஆராய்ந்த ஃபின்லாந்து வைத்தியர்கள், 1985-லேயே, ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் இத்தகைய நுண்கட்டியைக் கண்டிருந்தார்கள்.

ஆனால், கண்ட பிறகு எவர் சும்மா இருப்பார்? அநேகமாக எல்லோருக்கும் ரண சிகிச்சை நடந்தது. சுரப்பியை முழுதும் இழந்தவர்கள் ஆயுள்பரியந்தம் மாத்திரை உண்ணும்படி ஆயிற்று. அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கால்சியத்தைக் காக்கும் பக்கச் சுரப்பிகள் பழுதாயின. 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-இல் கொரிய மருத்துவர்கள் சிலர் பகிரங்கமாக எச்சரித்த பின், ஓராண்டுக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா ஆஸ்பத்திரியோ, 1993 முதலே, ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்துக் குறி இல்லாத கட்டிகளை அறுக்காமல் காலமுறைப்படி கவனித்துவரும் வழியை மேற்கொண்டிருந்தது.

இதைக் கொண்டு எல்லாப் பரிசோதனையும் வீண் என்று வாதிப்பது அசட்டுத்தனம். கருப்பைவாய்ப் பரிசோதனை, புற்றாக மாறுமுன்பே கோளாற்றைக் கண்டு, மரணத்தைக் குறைக்கிறது. கழுத்தில் கட்டி, நீங்காத குரல் கம்மல், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை இவை உள்ளவர்கள் வைத்தியரை அணுகவே வேண்டும். குறி ஏதும் இல்லாதவர்களோ, முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் கழுத்து ஸ்கேன் இருப்பின், அது வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதமாகாது என்று நமது இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல், நோயறியும் சோதனைக்காக மயக்கமளிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையை அவரது தாயின் சம்மதத்தின்பேரில் அகற்றிய வழக்கில், தீர்மானமாகக் கூறியிருக்கிறது. ஆதலால், கட்டியின் தன்மையை அறிய ஊசிவழிச் சோதனைக்குக் கழுத்தைக் காட்டியவர் அறுவைக்கும் இசைந்தவராகிவிடமாட்டார். அறுக்காமல் கவனித்திருக்கும் வழி தமக்குப் பொருந்துமா என்று கேட்கவும், அறிக்கைகளின் நகலைப் பெற்று இன்னொரு மருத்துவரிடம் காட்டவும் அவருக்கு உரிமை உண்டு. சம்மதமின்றி அறுவை நிகழ்ந்திருந்தால், வழக்குக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும். அதற்கும் அந்த நகல்களே முதற் சாட்சியம்.