ராத்திரி எங்கே நிறுத்துவது?

திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டையும் ஒண்டிப்புதூரையும் தாண்டிக் கிழக்கே போனால், சிந்தாமணிப்புதூரில் நீலம்பூர் – மதுக்கரை பைபாஸ் குறுக்கிடும். சேலம், ஈரோடு பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளம் போகிற லாரிகள் கோவை நகருக்குள் நுழையாமல் கடந்துபோகிற 28 கிலோமீட்டர் சாலை அது. பொழுது சாய்ந்தால் அதன் ஓரத்தில் லாரிகள் ஒதுங்கத் தொடங்கிவிடும். பஞ்சு பேல் ஏற்றி வந்தவை, நகருக்குள் கனரக வண்டிகளை விடுகிற நேரத்துக்காக நிற்பவை, லோடு இறக்கிவிட்டு, மோட்டார் பம்போ வார்ப்போ ரிட்டர்ன் லோடாகக் கிடைக்குமா என்று காத்துக் கிடப்பவை.

கடந்துபோகிறவர்களுக்கு அது வண்டி நிற்கிற இடம். ஆனால், ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஆள் குடியிருக்கிறார். மாதத்தில் பாதி நாளுக்கும் மேல் அவருக்கு வீடு அந்தக் கேபின்தான்.

வண்டியிலேயே வாழ்வது என்றால் இன்று எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கேரவன் சுற்றுலா. கேரளம் 2021-ல் இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. மறு வருடமே வாகமனில் முதல் கேரவன் பார்க் வந்துவிட்டது. குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டி நிறுத்த வசதி என்று கணக்கும் வகுத்தார்கள். தமிழ்நாடு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் இருக்கிறது. அமெரிக்காவில் இது பழைய சமாச்சாரம். இத்தகைய பார்க்குகளை நடத்தி, இன்று அந்த நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் கேஓஏ நிறுவனம், மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் ஊரில் 1962-ல் தொடங்கியது. கோயமுத்தூரிலிருந்து அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் லீவுக்கு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் சுற்றப் போகிறார்கள்.

அங்கே ஒரு கேரவன் பார்க்கில் ராத்திரி தங்குவது எப்படி என்று பார்த்தால், விஷயம் ரொம்ப எளிமையானது. வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்த வேண்டும். பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கம்பம். அதில் 30 ஆம்பியர் அல்லது 50 ஆம்பியர் பிளக். கீழே ஒரு தண்ணீர்க் குழாய். தரையில் மூடி போட்ட ஒரு கழிவுநீர்த் துளை. வண்டிக்குள் மூன்று தொட்டிகள் உண்டு: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. ஹோஸைச் செருகினால் நல்ல தண்ணீர் உள்ளே வரும், அழுக்குத் தண்ணீர் வெளியே போகும். கழிவுத் துளை இல்லாத இடத்தில் தங்கியவர்கள் கிளம்பும்போது பொதுத் தொட்டியில் போய்க் கொட்டிவிட்டுப் போக வேண்டும். பொதுக் குளியலறை, துணி துவைக்கிற மிஷின் இருக்கும். பெரும்பாலான பார்க்குகளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஜெனரேட்டரும் ஓடக் கூடாது. நடுவில் நீச்சல் குளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தண்ணீர், கரன்ட், கழிவு போக வழி, வெளிச்சம், காவல், தூங்க அமைதி ஆகிய இத்தனையும் வண்டியின் காலடிக்கே வந்துவிடுகிறது என்பதுதான் இதில் அடிப்படை.

இதை மனதில் வைத்துக்கொண்டு பைபாஸ் ஓரத்துக்கு வாருங்கள்.

அங்கே சங்ககிரி டிரைவர் ஒருவரைப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். ஓட்டுவது 12 சக்கர டாரஸ். பாடியின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி. அதன் கதவைக் கீழே மடக்கினால் அதுவே சமையல் மேடை. உள்ளே 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, சின்ன குக்கர், கறை படிந்த அஞ்சறைப் பெட்டி. அரிசி களைந்த தண்ணீரை அவர் கொட்டவில்லை. அதிலேயே காலையில் சாப்பிட்ட தட்டை அலசினார், பிறகு கரண்டியை, கடைசியில் கையை. பாடிக்கு அடியில் கட்டியிருக்கிற டிரம்மில் உள்ளது மறுநாள் வரை வரவேண்டும்.

“தண்ணி எங்கீங்கண்ணா புடிக்கறீங்க?”

“டீசல் போடற பங்க்குல புடிச்சுக்குவேன் கண்ணு. அங்கயே குளிச்சுக்கலாம். டீசல் போடாத போயி நின்னா மூஞ்சியப் பாப்பாங்க. வெளிக்குப் போறதுக்குத்தான் செரமம். இருட்டோட எந்திரிச்சுப் போயரோணும்.”

கேபினில் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற பலகை. நாளெல்லாம் ஓடிய இன்ஜினின் சூடு நடுராத்திரி வரை தணியாது. கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம். 2025 முதல் புது லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயமாகியிருக்கிறது. பகலில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஏசி ஓட இன்ஜின் ஓட வேண்டும். நிறுத்திய வண்டியில் ராத்திரி முழுக்க டீசலை எரிக்க எந்த ஓனரும் சம்மதிக்க மாட்டார்.

லாட்ஜில் போய்ப் படுத்தால் என்ன என்று கேட்டேன்.

“வண்டிய உட்டுப்போட்டு எங்கீங் கண்ணு போறது? விடிஞ்சு வந்து பாத்தா டேங்குல டீசல் இருக்காது, ஸ்டெப்னி இருக்காது. ஓனருக்கு ஆரு பதில் சொல்றது? கிளீனர் இருந்த காலத்துல ஒருத்தன் தூங்கினா ஒருத்தன் முழிச்சிருப்பான். இப்ப நான் ஒண்டிதான்.”

எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பதில்தான். மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கென 1,000 ஓய்வுக் கட்டடங்கள் வரும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் தங்குமிடங்கள் கட்டுகின்றன. படுக்கை, கழிவறை, குடிநீர், தானே சமைத்துக்கொள்ள இடம் எல்லாம் உண்டு. 2025 நடுவிலேயே அவை 300-ஐத் தாண்டிவிட்டன. இவை இன்னும் பெருக வேண்டும். என்றாலும், கட்டில் போட்ட அறையைக் கட்டிவிட்டு டிரைவரை வண்டியை விட்டு இறங்கி வரச் சொன்னால், சரக்குக்கும் டீசலுக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட ஆள் எப்படி வருவார்? அவருக்குப் படுக்கை ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. நிம்மதியாக அதில் படுக்கத் தகுந்த தரைதான் இல்லை. உல்லாசப் பயணிக்கு நாம் செய்துகொடுக்கிற ஏற்பாடு, அச்சு அசலாக இவருக்குத் தேவையான ஏற்பாடு.

சட்டம் இல்லாமலும் இருக்கவில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ராத்திரி தங்க நேர்கிற இடங்களில் முதலாளி ஓய்வறையோ அதற்கு ஈடான வசதியோ செய்துதர வேண்டும் என்றது. ஆனால் அது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கடன் வாங்கி ஒற்றை லாரி வைத்திருக்கிற சங்ககிரி, நாமக்கல் ஓனர் எந்த ஊரில் ஓய்வறை கட்டுவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொதுப் பணத்தில் பொது இடத்தில் செய்ய வேண்டிய காரியம் இது.

கொங்கு நாட்டில் வண்டியே வீடாக வாழ்கிறவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு: திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் ஒரு லாரி, குழாயும் சாமானும் ஏற்றியது இன்னொரு லாரி. கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றுகிற குழுவுக்கு இந்த இரண்டு லாரிகள்தான் ஊர், வீடு, அடுப்படி எல்லாம். ஊருக்கெல்லாம் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர்கள், போகிற வழியில் ராத்திரிக் குளியலுக்கு ஒரு குழாயடி தேடி அலைகிறார்கள்.

இருகூர் பெட்ரோலியக் கிடங்குக்கு வருகிற டேங்கர்காரர்கள் பாடு வேறு. வண்டி பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அடுப்பு பற்றிப் பேச்சே இல்லை.

நம் முன்னோர் இதை யோசிக்காதவர்கள் அல்ல. மாட்டு வண்டிக் காலத்தில் சந்தை கூடுகிற ஊர்களில் வண்டிப்பேட்டை இருந்தது. மாட்டை அவிழ்த்துக் கட்ட முளை, தண்ணித் தொட்டி, நிழலுக்கு மரம். வண்டிக்காரர் தன் வண்டிக்கு அடியில், தன் சரக்குக்குக் கீழேயே படுத்தார். 1920-ன் மாவட்ட நகராட்சிச் சட்டத்திலேயே வண்டிப்பேட்டை அமைக்கவும் கட்டணம் வாங்கவும் நகராட்சிக்கு அதிகாரம் இருந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் அந்த வாழ்க்கையை இன்றும் பார்க்கலாம். காங்கேயம் காளைகளுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, அங்கேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள்.

இடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கேரள எல்லையில் உள்ள வாளையாறு சாட்சி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அங்கே வணிக வரிச் சோதனைக்கு லாரிகள் மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் கிடந்தன. டிரைவர்கள் ரோட்டோரத்திலேயே சமைத்தார்கள், ரோட்டோரத்திலேயே ஒதுங்கினார்கள். அந்த வரிசை இன்றில்லை. காத்திருப்பு மட்டும் ஆலை கேட் வாசலுக்கும் பைபாஸுக்கும் இடம் மாறியிருக்கிறது.

வீட்டு வண்டிக்கு இத்தனை பார்க்குகள் உள்ள அமெரிக்காவே லாரிக்காரர்களை மறந்திருந்தது. 2009-ல் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர் பால் லோடுடன் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இறக்குகிற இடத்தில் முன்கூட்டி நிறுத்த விடவில்லை. தென் கரோலினாவில் மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திப் படுத்தவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அவரிடமிருந்த ஏழு டாலரை எடுத்துப் போனான் ஒருவன். அவர் மனைவி விடாமல் போராடியதில், லாரி நிறுத்துமிடங்களுக்கு அரசு நிதியைச் செலவிட வழிசெய்யும் சட்டம் 2012-ல் வந்தது. ‘ஜேசன் சட்டம்’ என்றே அதை அழைக்கிறார்கள். நாம் அப்படி ஒரு சாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பைபாஸ் ஓரத்தில் இரண்டு ஏக்கர் இருந்தால், திரும்ப இடம் விட்டும் நாற்பது டாரஸ் தாராளமாக நிற்கும். சுற்றுச் சுவர், கேட்டில் இரண்டு வாட்ச்மேன், உயரக் கம்பத்தில் விளக்கு, வரிசைக்கு வரிசை தண்ணீர்க் குழாய், தாழ்ப்பாள் உள்ள கழிவறை, காற்றடிக்கிற கடை, ஃபேன் மாட்டிக்கொள்ள ஒரு பிளக். ராத்திரிக்கு நூறு ரூபாய் கேட்டால் கொடுப்பீர்களா என்று அந்தச் சங்ககிரிக்காரரிடம் கேட்டபோது, “மொதல்ல எடத்தக் காட்டுங் கண்ணு” என்றார். பைபாஸை அகலப்படுத்தத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தில் நீலம்பூர் முனை, சிந்தாமணிப்புதூர், மதுக்கரை முனை ஆகிய மூன்று இடங்களில் அந்த இரண்டு ஏக்கரை இப்போதே குறித்துவைக்கட்டும். ரோடு போட்ட பிறகு தேடினால் அங்கே நிலம் மிஞ்சாது.