ஒரு மணல் மலை கண்ணாடி ஜாடி ஆச்சு... இன்னொன்று பூங்கா ஆச்சு! இண்டியானா டூன்ஸ் தப்பித்த கதை

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் இருந்து ஏரிக்கரையை ஒட்டியே சுமார் 80 கிலோமீட்டர் போனால் ஒரு மணல் உலகம் வரும். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். மறுபக்கம் 190 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் மணல் குன்றுகள். பார்ப்பவர்கள் கடற்கரை என்றே நினைப்பார்கள். ஆனா இது கடல் இல்லை, மிச்சிகன் ஏரி. குன்றுகள் இருக்கும் இடம் இண்டியானா டூன்ஸ் மாநிலப் பூங்கா.

கோடை வந்தாலே குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கே வந்து குவிகிறார்கள். ஆனா இந்த மணல் இன்னைக்கும் இங்கே இருப்பது தானாக நடந்த விஷயம் இல்லை. இதே கரையில் இதைவிடப் பெரிய மணல் மலை ஒன்று இருந்தது. இப்போ அது இல்லை. அள்ளி விற்றுவிட்டார்கள்!

என்ன நடந்தது? இந்தப் பூங்கா மட்டும் எப்படித் தப்பியது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏரிக்கரையில் இவ்வளவு மணல் எப்படி வந்தது?

மிச்சிகன் ஏரி சாதாரண ஏரி இல்லை. வடக்கு தெற்காக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளம். பரப்பளவு சுமார் 58 ஆயிரம் சதுர கிலோமீட்டர். பனியுக காலத்தில் இந்தப் பகுதியை மூடியிருந்த பிரம்மாண்ட பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது உருவான ஏரி இது.

பனிப்பாறைகள் பாறைகளை அரைத்து மணலாக விட்டுப் போயின. அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கு முனைக்குத் தள்ளிக்கொண்டே வந்தன. கரையில் காய்ந்த மணலைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. வழியில் ஒரு புல்லோ செடியோ குறுக்கே நின்றால் காற்றின் வேகம் குறையும், மணல் அங்கேயே விழும். இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் மேடு குன்றாக வளர்ந்தது.

இதில் ஹீரோ யார் தெரியுமா? மர்ரம் என்ற ஒரு புல். மணல் மேலே விழுந்து மூடினாலும் இது சாகாது. மூடிய மணலைத் துளைத்துக்கொண்டு மேலே வளரும். அதன் வேர்களும் மண்ணுக்குள் ஓடும் தண்டுகளும் வலைபோலப் பின்னி மணலைப் பிடித்துக்கொள்ளும். ஆனா ஒரு பலவீனம் இருக்கு. மேலே மணல் விழுந்தால் தாங்கும் இந்தப் புல், மேலே மனிதன் திரும்பத் திரும்ப நடந்தால் தாங்காது, செத்துவிடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலைப் பார்த்துப் பிறந்த ஒரு அறிவியல்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் ஹென்றி சாண்ட்லர் கௌல்ஸ் இந்த மணல் மேடுகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். தண்ணீரை ஒட்டி வெறும் மணல். கொஞ்சம் உள்ளே போனால் புல். அதற்கும் உள்ளே காட்டன்வுட் மரங்கள், பைன் மரங்கள், கடைசியில் ஓக் காடு. ஏன் இந்த வரிசை?

கரையில் இருப்பது புது மணல். உள்ளே போகப் போக பழைய மணல். ஆக, ஏரியில் இருந்து காட்டை நோக்கி நடப்பது என்பது காலத்தில் நடப்பது மாதிரி! வெறும் நிலத்தில் முதலில் புல் வந்து, அது மண்ணைப் பக்குவப்படுத்தி, அடுத்த செடிக்கு இடம் விட்டு, கடைசியில் காடாக மாறுகிறது என்று கௌல்ஸ் விளக்கினார். 1899-ல் வெளியான அவருடைய ஆய்வு, சூழலியல் துறைக்கே ஒரு அடிப்படையாக அமைந்தது.

காணாமல் போன மலை

இந்தக் கரை பொட்டவாட்டமி என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலம். 1830-களில் அவர்களில் பெரும்பாலோரை அமெரிக்க அரசு மேற்கே விரட்டிவிட்டது. அதன் பிறகு ரயில் பாதைகள் வந்தன. தொழிற்சாலைகளும் வந்தன.

பூங்காவுக்குக் கிழக்கே மிச்சிகன் சிட்டி என்ற ஊரில் 'ஹூஷியர் ஸ்லைடு' என்ற மணல் மலை இருந்தது. உயரம் சுமார் 200 அடி. அந்தக் காலத்தில் அது பெரிய சுற்றுலாத் தலம். சிகாகோவில் இருந்து கப்பலில் வந்து அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடுவார்கள். உச்சியில் கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட உண்டு.

ஆனா கண்ணாடி செய்ய மணல் வேண்டுமே! தொழிலாளர்கள் மண்வெட்டியால் அள்ளி, தள்ளுவண்டியில் கொண்டுபோய் ரயில் பெட்டிகளில் நிரப்பினார்கள். மன்சி நகரத்தில் இருந்த பால் பிரதர்ஸ் நிறுவனம் இந்த மணலை வாங்கி, பழங்களையும் ஊறுகாயையும் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடிகளைச் செய்தது. சுமார் 30 ஆண்டுகளில் அள்ளப்பட்ட மணல் 1.35 கோடி டன் என்று சொல்லப்படுகிறது. 1920 வாக்கில் மலை தரைமட்டம் ஆனது. இன்று அந்த இடத்தில் நிற்பது ஒரு மின் நிலையம்.

மேற்குப் பக்கமும் நிலைமை இதுதான். 1906-ல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் மணல் மேடுகளைச் சமன்படுத்தி கேரி என்ற புது நகரத்தையும் இரும்பாலையையும் அமைத்தது. கிழக்கே கண்ணாடி, மேற்கே இரும்பு. நடுவில் மிச்சம் இருந்த மணலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

போர் வந்ததால் நின்ற தேசியப் பூங்கா

1916-ல் அமெரிக்காவில் தேசியப் பூங்கா சேவை தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநரான ஸ்டீபன் மாதர் சிகாகோவில் தொழில் நடத்தியவர். இந்த மணல் மேடுகளை நன்றாக அறிந்தவர். அதே ஆண்டு அக்டோபர் 30-ம் தேதி, இங்கே தேசியப் பூங்கா அமைக்கலாமா என்று சிகாகோவில் பொது விசாரணை நடத்தினார். ஆதரவு குவிந்தது.

ஆனா அடுத்த ஆண்டே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. முதலில் நாட்டைக் காப்போம், பிறகு மணலைக் காப்போம் என்ற பேச்சு வந்தது. திட்டம் கிடப்பில் போனது.

அந்தச் சமயத்தில் செய்தித்தாள்களில் அடிபட்ட ஒரு பெயர் ஆலிஸ் கிரே. சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1915-ல் நகர வாழ்க்கையை விட்டுவிட்டு இந்த மணல் மேட்டில் இருந்த ஒரு பாழடைந்த குடிசையில் தனியாகக் குடியேறினார். பத்திரிகைகள் அவருக்கு 'மணல் மேட்டு டயானா' என்று பட்டம் சூட்டின. வேடிக்கையாகத்தான் எழுதினார்கள். ஆனா அதன் மூலமே பலருக்கு இப்படி ஒரு இடம் இருப்பது தெரிய வந்தது.

மாநிலம் கையில் எடுத்தது எப்படி?

மத்திய அரசு செய்யாததை மாநிலமாவது செய்யட்டும் என்று களத்தில் இறங்கினார்கள் இண்டியானாவின் மகளிர் மன்றங்கள். முன்னால் நின்றவர் பெஸ் ஷீஹன். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். இண்டியானா மாநிலப் பூங்காக்களின் தந்தை என்று சொல்லப்படும் ரிச்சர்ட் லீபரும் துணை நின்றார்.

1923-ல் மணல் மேட்டு நிலத்தை வாங்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. 1925-ல் பூங்கா உருவானது. ஆலிஸ் கிரே இறந்ததும் அதே 1925-ல்தான்.

நிலம் வாங்க நன்கொடை கொடுத்தவர்களில் ஒருவர் எல்பர்ட் கேரி, யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் தலைவர்! மணல் மேட்டைச் சமன்படுத்தி எழுப்பிய நகரத்துக்கு யார் பெயர் வைக்கப்பட்டதோ, அவரேதான்.

பூங்கா மொத்தம் சுமார் 2,182 ஏக்கர்தான். கரை நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சின்ன இடம்தான், ஆனா இந்தக் கரையில் முதலில் சட்டப் பாதுகாப்பு கிடைத்த பெரிய துண்டு இது.

அதோடு சண்டை முடிந்ததா?

இல்லை. பூங்கா எல்லைக்கு வெளியே இருந்த மணலுக்குப் பாதுகாப்பு கிடையாது. 1952-ல் டோரதி பியூல் என்பவர் தலைமையில் பெண்கள் சேர்ந்து 'சேவ் தி டூன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்கள். பக்கத்து மாநிலமான இலினாயின் செனட்டர் பால் டக்ளஸ் அவர்களுக்காக வாஷிங்டனில் வாதாடினார். எதிர்ப்பக்கம் துறைமுகமும் இரும்பாலைகளும் வேண்டும் என்றவர்கள். வேலைவாய்ப்பு வேண்டும் என்ற அவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை.

முடிவு, பாதிக்குப் பாதி. நடுப்பகுதி மணல் மேடுகள் இடிக்கப்பட்டு பெத்லஹேம் ஸ்டீல் ஆலை வந்தது. அங்கிருந்து அள்ளிய மணல் ஏரி வழியாகப் போய், இலினாயில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை விரிவாக்க ஏரியைத் தூர்த்த வேலைக்குப் பயன்பட்டது. பதிலுக்கு 1966-ல் மீதி இருந்த பகுதிகளைத் தேசிய ஏரிக்கரையாக அறிவிக்கும் சட்டம் வந்தது.

2019 பிப்ரவரியில் அந்த ஏரிக்கரை தேசியப் பூங்கா என்ற அந்தஸ்தைப் பெற்றது. மாதர் கனவு கண்டு 100 ஆண்டுகள் தாண்டிவிட்டன! இன்று மாநிலப் பூங்காவைச் சுற்றி தேசியப் பூங்கா இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நிர்வாகம், நுழைவுக் கட்டணமும் தனித்தனி. வருபவர்கள் பலர் குழம்புவது இங்கேதான்.

பூங்காவில் என்ன செய்யலாம்?

மூன்று குன்று சவால்: மவுண்ட் ஜாக்சன் 176 அடி, மவுண்ட் ஹோல்டன் 184 அடி, மவுண்ட் டாம் 192 அடி. மூன்றையும் ஒரே நடையில் ஏறி இறங்க வேண்டும். தூரம் சுமார் 2.4 கிலோமீட்டர்தான். ஆனா ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே சறுக்கும் மணல் என்பதால் மூச்சு வாங்கும். உச்சியில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், ஏரிக்கு அந்தப் பக்கம் சிகாகோவின் கட்டடங்கள் தெரியும்.

குளியல்: கோடையில் ஏரியில் நீந்தலாம். ஏரிதானே என்று அலட்சியம் வேண்டாம். காற்று அடிக்கும் நாளில் அலை பெரிதாக எழும்பும், ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு.

பறவை பார்த்தல்: வலசை போகும் பறவைகள் ஏரியின் மேல் பறக்காமல் கரையை ஒட்டியே திரும்புவதால் வசந்த காலத்தில் இங்கே கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

காட்டு நடை: ஒன்பதாம் எண் பாதையில் நடந்தால் 'புளோஅவுட்' என்ற கிண்ணம் போன்ற பள்ளத்தைப் பார்க்கலாம். புல் அழிந்த இடத்தில் காற்று மணலைத் தோண்டி எடுத்ததால் உருவானது அது. ஒரு காலத்தில் மணலுக்குள் புதைந்துபோன மரங்களின் எலும்புக்கூடுகளும் இப்படிப்பட்ட பள்ளங்களில் வெளியே தெரியும்.

ரயில் வசதியும் உண்டு. சிகாகோவில் இருந்து வரும் சவுத் ஷோர் ரயிலில் டூன் பார்க் நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கம்தான்.

பாதையை விட்டு விலகக் கூடாது... ஏன்?

மர்ரம் புல் நினைவிருக்கிறதா? ஒருவர் குறுக்கே நடந்தால் அது தாங்கிவிடும். அதே வழியில் நூறு பேர் நடந்தால் புல் சாகும். புல் செத்தால் மணல் ஓடும். ஓடும் மணல் காட்டையே மூடிவிடும்.

மனித உயிருக்கும் ஆபத்து உண்டு. 2013 ஜூலையில், பக்கத்துத் தேசியப் பூங்காவில் உள்ள மவுண்ட் பால்டி என்ற குன்றில் 6 வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென்று மணலுக்குள் விழுந்தான். மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தோண்டிய பிறகு உயிரோடு மீட்டார்கள். நகரும் மணல் மூடிய பழைய மரங்கள் உள்ளுக்குள்ளேயே மக்கி, குழாய் போன்ற ஓட்டைகளை விட்டிருந்தன. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. அதன் பிறகு அந்தக் குன்றில் இஷ்டத்துக்கு ஏற அனுமதி கிடையாது.

மொத்தத்தில்...

ஹூஷியர் ஸ்லைடும் மவுண்ட் டாமும் ஒரே கரையில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றவை. ஒன்று 30 ஆண்டுகள் சம்பளமும் லாபமும் கொடுத்துவிட்டு முடிந்துபோனது. இன்னொன்றில் 100 ஆண்டுகள் கழித்தும் பிள்ளைகள் ஏறிச் சறுக்குகிறார்கள். காற்றும் அலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்த்த மணலைத் திரும்ப உருவாக்க எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. அன்றைக்குக் கூட்டம் போட்டு, மனு எழுதி, ஊர் ஊராக அலைந்தவர்கள் புரிந்துகொண்டது இதைத்தான்.