வத்தின கண்மாயில்தான் ஜாக்கிரதை வேணும்!

சித்திரை பிறந்தால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு விஷயம் தவறாமல் நடக்கும். ஒன்று, வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்குவது. இன்னொன்று, வந்த பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு, "அத்தை, குளிச்சுட்டு வந்துர்றோம்" என்று சோப்பு டப்பாவோடு கண்மாய்ப் பக்கம் ஓடுவது. "வத்திப் போன கண்மாய்தானே, முழங்கால் தண்ணி கூட இருக்காது" என்று பெரியவர்களும் அடுப்படி வேலையைப் பார்க்கத் திரும்பி விடுவார்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது, சகோதரிகளே!

கோடையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது தண்ணீர் பெரும்பாலும் எங்கே நிற்கும்? மண் அள்ளிய பள்ளத்தில். வெயில் தாங்காத பிள்ளைகள் அதில்தான் இறங்கும். கலங்கல் தண்ணீரில் ஆழம் தெரியாது. கண்மாய்த் தரை மாதிரி சரிவாக இருக்காமல் கிணறு போல நெட்டுக்குத்தாக இறங்கும். களிமண் வழுக்கும், ஏறி வரப் பிடிமானமும் கிடையாது. மே மாதத்தில் பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது.

மண் அள்ளுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கரம்பை போடாமல் செவக்காடு என்ன விளையும்? விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் மண்ணை இலவசமாக அள்ள அரசாங்கமே அனுமதி தருகிறது. 2024ல் இருந்து அதைத் தாசில்தார் அலுவலகத்திலேயே வாங்கலாம். நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் வரை. எங்கள் அப்பத்தா காலத்தில் மண்வெட்டியால் வெட்டி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அதனால் கண்மாய் முழுக்கப் பரவலாக, மேலாகச் சுரண்டியது போலத்தான் இருக்கும். ஜேசிபிக்காரருக்கு ஒரே இடத்தில் நின்று தோண்டினால்தான் கட்டுபடியாகும். களி தாண்டி மணல் தெரியும் வரை தோண்டி விட்டால், அடுத்த மழைக்கு வருகிற தண்ணீரும் நிற்காமல் பூமிக்குள் இறங்கி விடும். கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனப்படும். ஆக, பிள்ளை பெற்றவளுக்கு எது ஆபத்தோ அது சம்சாரிக்கும் நஷ்டம்தான்.

"பெரியாத்துத் தண்ணி வருதே, கண்மாய் எதுக்கு?" என்று வெளியூர் மதினி ஒருத்தி கேட்டாள். 1895ல் பென்னிகுவிக் துரை கட்டி முடித்த அணை பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரை இருபோகமாக்கியது உண்மைதான். ஆனால் அந்த வாய்க்கால் எட்டாத மேட்டுக்காட்டுக்கும், ஊர்க் கிணறுகளின் ஊற்றுக்கும் கண்மாய்தான் கதி. முதல் போகத்துக்கு அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதி திறப்பது வழக்கம். பின்னாலேயே மழையும் வந்து விடும். ஆகவே கண்மாயைப் பார்த்துச் சரி செய்ய நமக்குக் கிடைப்பது பங்குனி, சித்திரை, வைகாசியில் பாதி. அவ்வளவே.

முன்பு இதற்குத்தான் குடிமராமத்து இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் வார வேண்டும். 1858ல் வெள்ளைக்காரன் அதற்கு ஒரு சட்டமே போட்டான். 2017ல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளோடு அதே பெயரில் மறுபடி ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆயக்கட்டுதாரர் என்றால் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான். துணி துவைக்கிறவளுக்கும், ஆடு மேய்க்கிறவளுக்கும், பிள்ளையைக் குளிக்க அனுப்புகிறவளுக்கும் அங்கே பேச்சு ஏது? இத்தனைக்கும் நூறு நாள் வேலையில் கண்மாயில் இறங்கி மண் சுமந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பொம்பளைகள்தான்!

எங்கள் தெருப் பெண்கள் போன கோடையில் ஒரு காரியம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கண்மாயைச் சுற்றி வந்தோம். பள்ளம் இருந்த இடமெல்லாம் மூங்கில் நட்டு சிவப்புத் துணி கட்டினோம். வரத்து வாய்க்காலில் சாக்கு சாக்காக பாலிதீன், உடைந்த பாட்டில். (பாட்டில் போடுகிறவர்கள் யார் என்று நம் வீட்டு ஆம்பளைகளைத்தான் கேட்க வேண்டும்!) வேலை முடிந்ததும் கரையில் புளியமர நிழலில் கட்டுச்சோறு. பிள்ளைகள் முக்குளிப்பானையும் கொக்கையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மேகமலைக்கும் சுருளிக்கும் போகாமலே அன்றைக்குப் பிக்னிக் ஆகி விட்டது.

அதோடு நீச்சலும். அப்பத்தா காலத்தில் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். இப்போது பத்தில் ஒருத்திக்குத் தெரிந்தால் அதிசயம். மடைப் பக்கம் கம்பு விட்டுப் பார்த்து, இடுப்பளவுக்கு மேல் போகாத இடமாகத் தேர்ந்தெடுத்தோம். காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு மட்டும். மீன்பாசி குத்தகைக்காரர் முதலில் முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். எங்கள் ஊரில் வாழைத்தண்டுக்குப் பஞ்சமா? இரண்டு துண்டைச் சேர்த்துக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்க வேண்டியதுதான். பன்னிரண்டு நாளில் ஐந்து பெண்கள் தண்டை விட்டு விட்டார்கள். அதில் ஒருத்தி நாற்பது வயது மாமியார்!

ஒன்று மட்டும் எல்லோரும் மனசில் வையுங்கள். யாராவது மூழ்கினால் பதறிப் போய் நீங்களும் குதிக்காதீர்கள். முழுகுகிறவர் கட்டிப் பிடித்து உங்களையும் இழுத்து விடுவார். அலறிக் கூப்பிட்டுக்கொண்டே சேலையையோ கயிற்றையோ வீசுங்கள், நீளமான கம்பை நீட்டுங்கள். வாழைத்தண்டு, காலி கேன் எதுவானாலும் தூக்கிப் போடலாம். உடனே 108க்குச் சொல்லுங்கள்.

மார்ச் 22, மே 1 இரண்டு நாளும் கிராம சபை. இரண்டுமே கோடையில்தான் வருகிறது. "பள்ளத்தைச் சரிவாக்கின பிறகுதான் அடுத்த நடை மண் ஏத்தணும், வரத்து வாய்க்காலைத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி எடுத்துக் கொடுக்கணும்" என்று பதினேழு பேர் கையெழுத்துப் போட்டு இந்த மே தினத்தில் கொடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜேசிபி இன்னும் வரவில்லை. மூங்கிலும் சிவப்புத் துணியும் நின்ற இடத்தில்தான் நிற்கின்றன.

— ஒரு வாசகி, சின்னமனூர் பக்கம்.