ஆற்றங்கரை மனையும் அடிமண் சோதனையும்

பிறந்த மண்ணை விட்டு வந்து, வாடகை வீடுகளில் காலங்கழித்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு ஒரு மனை வாங்குவது நம்மவர் பலருக்கு வாழ்நாளின் பெருமுயற்சியாகும். டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அம்முயற்சி யமுனைக்கு அப்பால்தான் கைகூடுகிறது. பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம்; திசை பார்க்கிறோம்; பூமி பூஜைக்கு நாள் குறிக்கிறோம். வீட்டைத் தாங்கப் போகும் மண்ணைப் பற்றி மட்டும் விசாரிக்க மறந்து விடுகிறோம்.

நம் முன்னோர் அதனை மறந்தவரல்லர். மனையில் ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு நிரப்பும் சோதனை பழைய மனை நூல்களில் உண்டு. மண் மிஞ்சினால் உத்தமம். குறைந்தால் ஆகாது என்பர். மண்ணின் இறுக்கத்தை அறிய அஃது ஓர் எளிய வழியே. ஆனால் குழியின் ஆழத்துக்குக் கீழே உள்ளதை அது காட்டாது. பாறையும் செம்மண்ணும் உள்ள ஊர்களுக்கு அது போதியதாய் இருந்திருக்கலாம். ஆற்றுச் சமவெளிக்குப் போதாது.

காரணம் எளிது. ஆறு ஒரே தடத்தில் ஓடுவதில்லை. விரைந்து ஓடிய இடத்தில் மணலை இடும். தேங்கிய இடத்தில் களியையும் வண்டலையும் இடும். பின்பு தடம் மாறிப் பழைய வாய்க்காலைத் தூர்த்துவிடும். ஆதலின் ஒரே மனையில் ஒரு பாதி இறுகிய மணலாகவும், மறுபாதி இளகிய களியாகவும் இருத்தல் கூடும். அதன்மேல் எழுந்த வீடு ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் அமிழும், சுவர்கள் வெடிக்கும். பள்ளத்தைக் குப்பையும் இடிபாடும் இட்டு மேடாக்கிய மனையாயின் இடர் இன்னும் மிகுதி. அடுத்த வீட்டார் செய்த சோதனை நமக்கு உதவாதென்பதும் இதனாலேயாம்.

நிலம் அதிரும்போது ஆபத்து வேறு உருக் கொள்ளும். நீரில் ஊறிய தளர்ந்த மணல், நிலநடுக்கத்தில் கூழாகித் தாங்கும் வலிமையை இழந்துவிடும். 1934 ஜனவரி 15ஆம் நாள் நேர்ந்த பீகார் நிலநடுக்கத்தில், சீதாமர்ஹி, மதுபனி முதலிய சமவெளிப் பகுதிகளில் மணலும் நீரும் நிலத்தைப் பிளந்து பீறிட்டன. கட்டடங்கள் சாய்ந்தும் புதைந்தும் போயின. டில்லியும் நிலநடுக்க அபாயம் மிகுந்த நகரமே. நிலம் நடுங்காமலும் கேடு வரலாம். 2010 நவம்பர் 15ஆம் நாள் லட்சுமி நகர்ப் பகுதியில் ஒரு மாடிக் கட்டடம் சரிந்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முறையின்றி ஏற்றிய மாடிகளோடு, நிலவறையில் தேங்கிய நீரும் அப்போது காரணமாகப் பேசப்பட்டது.

சோதனையின் முறையை அறிந்து வைத்தல் நலம். மனையில் சில இடங்களில் துளையிடுவர். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து, ஒரு குழாயை மண்ணுள் 45 சென்டிமீட்டர் இறக்குவர். முதல் 15 சென்டிமீட்டரை விடுத்து, எஞ்சிய 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடிகள் வேண்டியிருந்தன என எண்ணுவர். மணலில் அவ்வெண் பத்துக்குக் குறைந்தால் மண் தளர்ந்தது. முப்பதுக்கு மேற்பட்டால் நன்கு இறுகியது. வெவ்வேறு ஆழங்களில் இவ்வாறே செய்து, மண்ணையும் நீரையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். கான்கிரீட்டை அரிக்கும் உப்புகள் உண்டா என்பதும் அங்கே தெரியும்.

நிலத்தடி நீர்மட்டத்தை நாமே கேட்டறிதல் வேண்டும். நீர் அஸ்திவாரத்தின் அடிவரை ஏறினால் மணலின் தாங்கும் வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறையும். கோடையில் அளந்த மட்டத்தை நம்பி இருத்தலாகாது. 2023 ஜூலை 13ஆம் நாள் டில்லியில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டரையும் விஞ்சியது. மழைக்கால மட்டத்தை வைத்தே கணக்கிடுமாறு எஞ்சினீயரிடம் வற்புறுத்துவோம்.

அறிக்கை பாதகமாய் வந்தால் மனம் தளர வேண்டுவதில்லை. அஸ்திவாரத்தை ஆழப்படுத்தலாம், வீடு முழுமைக்கும் ஒரே கான்கிரீட் பலகை அமைக்கலாம், பைல் என்னும் நெடுந்தூண்களை இறக்கலாம், மாடிகளைக் குறைக்கலாம். எது தகும் என்பதை எஞ்சினீயர் அவ்வறிக்கையைக் கொண்டே சொல்ல முடியும். ஆனால் கரைகளுக்கு உட்பட்ட ஆற்றுப் படுகையில் மலிவாக விற்கப்படும் மனையை எச்சோதனையும் நல்லதாக்காது. அது வெள்ளத்துக்கு உரிய இடம். சட்டமும் அங்கே கட்டடத்துக்கு இடந்தருவதில்லை.

கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் சேர்ந்திருப்போரும், அடுக்குமாடியில் வீடு வாங்குவோரும் மண் சோதனை அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கட்டடச் செலவை நோக்க இதற்காகும் செலவு சிறிது. வீடு எழுந்தபின் அஸ்திவாரத்தைத் திருத்துவதோ பெருஞ்செலவு. பல வேளைகளில் இயலாததும் ஆகும். ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே மண் சோதனையையும் ஒரு நிபந்தனையாக எழுதிக் கொள்வோமாக.