கள்ளிச் செடியில் நண்பன் யார்? பகைவன் யார்?

இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நம் இல்லங்கள் பலவற்றில் தோட்டம் என்பது மொட்டை மாடியில் வைத்த நான்கைந்து தொட்டிகள்தாம். கடலின் உப்புக் காற்றுக்கும், துறைமுகச் சரக்கு லாரிகள் எழுப்பும் புழுதிக்கும், சித்திரை வெயிலுக்கும் ஈடுகொடுத்து நிற்பதால், அத்தொட்டிகளுள் ஒன்றிலாவது கள்ளிச் செடி இடம்பெற்றுவிடுகிறது.

ஒரு நாள் காலையில் அச்செடியின்மேல் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருப்பதைக் காண்கிறீர்கள். கை உடனே பூச்சி மருந்துக் குப்பியை நாடுகிறது. அன்புச் சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள்! அந்த வெண்மை பகைவனாகவும் இருக்கலாம்; பகைவனை உண்ண வந்த நண்பனாகவும் இருக்கலாம். இந்த அடையாளக் குழப்பத்தில் ஒரு காலத்தில் சென்னை மாநகரமே ஏமாந்திருக்கிறது.

சென்னை தேடிய சிவப்பு

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் வட சென்னை துணி வணிகத்தால் வாழ்ந்த பகுதி. வண்ணாரப்பேட்டை என்னும் பெயரே துணி வெளுத்தோரால் வந்தது. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு. நம் சாயக்காரர்கள் சாயவேரிலிருந்து சிவப்பு நிறம் எடுத்தனர். ஐரோப்பாவோ மெக்சிகோவிலிருந்து வந்த வேறொரு சிவப்பை நாடியது. சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்திப் பொடித்து எடுப்பது அது. ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். அவ்வணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது.

சென்னையின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786இல் இங்கேயே புல்லில் ஒரு பூச்சியைக் கண்டார். அது கொச்சினீல்தான் என்று நம்பி, இலண்டனிலிருந்த ஜோசப் பாங்ஸ் என்னும் அறிஞருக்கு மடல்கள் எழுதினார். ஆனால் அது வேறு பூச்சி. பின்னர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. 1795இல் நீல்சன் என்னும் கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து கொச்சினீல் பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். அவை சென்னைக்கும் வந்தன. ஆயினும் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று, காட்டினம்! சாயக் கனவு கலைந்தது. ஆண்டர்சனும் 1809இல் காலமானார். நுங்கம்பாக்கத்து ஆண்டர்சன் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீண் எனப்பட்டது பயனானது

மனிதன் வீண் என்று கருதியதில் இறைவன் வேறொரு பயனை வைத்திருந்தான். அந்தக் காட்டினப் பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சியே அழித்தது. வயல்களையும் வெளிகளையும் கள்ளி வளைத்துக்கொண்டபோது, 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் அப்பூச்சியையே களையொழிப்புக்குப் பயன்படுத்தினர். ஆனால் முள் மிகுந்த மற்றொரு வகைக் கள்ளியை அது அசைக்கவில்லை. அதற்கென 1926இல் இலங்கையிலிருந்து வேறோர் இனக் கொச்சினீல் தருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பெரும் பரப்பு உழவுக்கு மீண்டது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அங்கே கோடிக்கணக்கான ஏக்கரை மூடிய கள்ளியை, அர்ஜென்டினாவிலிருந்து 1925இல் கொண்டுவரப்பட்ட ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் தின்று தீர்த்தன. நன்றிக்கடனாக அப்பூச்சியின் பெயரால் மண்டபமே கட்டினர்! அதே பூச்சி 1989இல் அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டபோது, கள்ளியை உணவாகப் பயிரிடும் மெக்சிகோ கலங்கியது. ஆக, பூச்சி ஒன்றே. இடத்தைப் பொறுத்து அது நண்பனாகிறது, பகைவனாகிறது. வெளியில் களையை ஒழிக்கும் கொச்சினீல், உங்கள் தொட்டிக்கு வந்தால் பகைவன்தான்.

அடையாளம் காண்பது எவ்வாறு?

முதலில் செடியை அறியுங்கள். கிள்ளினால் பால் வடிவது திருகுகள்ளி, சதுரக்கள்ளி போன்ற வேறு குடும்பம். கொச்சினீல் தேடி வருவது பால் வடியாத சப்பாத்திக்கள்ளி இனத்தையே.

கொச்சினீல்: பஞ்சுத் துணுக்குகள் போல் ஒட்டியிருக்கும், நகராது. ஒரு குச்சியால் நசுக்கினால் இரத்தச் சிவப்பாகச் சாறு வரும். இதுவே ஐயமற்ற சான்று.

மாவுப்பூச்சி: மாவு தூவியது போன்ற சிறு உடல், முள் முளைக்கும் குழிகளிலும் மடிப்புகளிலும் பதுங்கும், மெல்ல ஊரும். நசுக்கினால் அந்தச் செந்நிறச் சாயம் வராது. காரணமின்றிச் செடி வாடினால் வேரையும் பாருங்கள். அங்கும் இவ்வினம் ஒளிந்திருக்கும்.

செதில் பூச்சி: பழுப்பு அல்லது சாம்பல் நிறச் சிறு சிப்பிகள் போல் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் பெயரும்.

செஞ்சிலந்திப் பேன்: கண்ணுக்கு எளிதில் புலப்படாது. செடியின் பச்சை மங்கித் துருப்பிடித்தது போலாகும். நுண்ணிய நூலாம்படை தெரியும். புழுதி படிந்த செடியில் இது பெருகும். ஆகவே நம் பகுதியில் செடியை அவ்வப்போது நீர் தெளித்துக் கழுவுவதே பாதி மருத்துவம்.

இனி நண்பர்கள். பொறிவண்டு அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்னும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, மெல்லிய நூலின் நுனியில் நிற்பதுபோல் முட்டையிடும். அதன் புழு பகைப் பூச்சிகளை வேட்டையாடும். அம்முட்டைகளைத் துடைத்துவிடாதீர்கள்.

எல்லாரையும் ஏமாற்றுவது 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பொறிவண்டு இனம் ஒன்றின் புழு. அது மாவுப்பூச்சியைத் தின்பது. ஆனால் தானும் வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்தியிருக்கும்! மாவுப்பூச்சியைவிடப் பெரிதாய், இழைகள் நீண்டதாய், விரைந்து நடப்பதாய் இருந்தால் அது நண்பன். வளர்ந்த வண்டு கருத்த உடலும் செம்மஞ்சள் தலையுமாக இருக்கும். மருந்துக் குப்பியால் முதலில் மடிவது பெரும்பாலும் இத்தகைய நண்பர்களே. பின்னர்ப் பகைவர் முன்னிலும் பெருகுவர்.

எறும்பு, தேனீ ஆகியவற்றைக் கொல்ல வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூது தொகுப்பில் இருக்கிறது. கள்ளிமேல் எறும்பு வரிசை கண்டால், அது மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக வந்ததென்று கொள்ளுங்கள். மாவுப்பூச்சியை நீக்குங்கள், எறும்பு தானே போய்விடும். தேனீ வந்தால் பூவுக்காக வந்தது, அதைத் தொடாதீர்கள்.

பகைவரை நீக்கப் பழைய பல் துலக்கியும் சோப்பு நீரும் போதும். மிகுந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். பெரிதும் தாக்குண்ட மடலை அறுத்து அப்புறப்படுத்துங்கள். புதிதாக வாங்கிய செடியைச் சில வாரங்கள் தனியே வையுங்கள்.

அடுக்களைக்கும் வரும் பூச்சி

இப்பூச்சியை அறிய வேண்டிய மற்றொரு காரணமும் நமக்குண்டு. கொச்சினீல் சாயம் இன்றும் உலகெங்கும் சில இனிப்புகளிலும் பானங்களிலும் உதட்டுச் சாயங்களிலும் கலக்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மிட்டாய் உறையில் ‘கார்மின்’ என்றோ ‘120’ என்ற எண்ணிலோ அது குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 2011 முதல் அதன் பெயரை வெளிப்படையாக அச்சிடுவது கட்டாயம். பூச்சிகளை உண்பது ஆகாது என்பதே ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் பொதுவான நிலை. எனினும் இந்தோனேசிய உலமா சபை 2011இல் இச்சாயத்தை ஹலால் என்று தீர்ப்பளித்தது. ஆகவே உறையைப் படியுங்கள். ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள்.

திருமறையில் தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் அத்தியாயங்கள் உள்ளன. சிறு உயிர்களை உற்று நோக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நாளைக் காலை மாடிக்குச் செல்லும்போது குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, நண்பனையும் பகைவனையும் அவர்களே பிரித்துச் சொல்லட்டும். ஆராயாமல் தீர்ப்பளிக்கலாகாது என்ற பாடத்தை அவர்கள் அங்கேயே கற்பார்கள். அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை நல்குவானாக! ஆமீன்.